ஒரு பெயருக்கு ஒரு கரண்டி

2024ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை உணவு வேளையில், கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியரான லாசரஸ், வாயில் ஒரு கரண்டி கடற்பாசி இருக்கையிலேயே, தம் மனைவி சொன்ன தவறு ஒன்றைத் திருத்த முற்பட்டார். திருத்தம் வெளியே வந்தது. கடற்பாசி மூச்சுக்குழாய்க்குள் போயிற்று. அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

மனைவி ரத்தினபாய் அவரை முன்னால் சாய்த்துப் பிடித்தார்; முதுகில் தட்டினார்; ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசியில் வழி சொன்னார், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தெரு வழியாக வரவேண்டும் என்பது உட்பட; அடுப்பை அணைத்தார்; மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். தாம்பரம் ரயில்வே அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். செய்தவற்றில் வரிசைப் பிழை ஒன்றுகூட இல்லை. பிழை அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

லாசரஸுக்குப் பக்கவாதம் வந்தது ஆகஸ்டு மாதத்தில். வலக்கையும் வலக்காலும் விழுந்தன. பேச்சு நின்றது. விழுங்கும் தசைகளும் தம் வேலையை மறந்தன. சில வாரங்கள் மூக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, வாய் வழியாக ஊட்டிப் பழக்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பழக்குவதற்கு வந்தவள் சுபத்ரா. பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் கொடுக்கப் படித்தவள். பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள்.

"ஆன்ட்டி, நல்லா கேட்டுக்கோங்க. அங்கிளுக்கு இப்ப மோசமான எதிரி தண்ணிதான். தண்ணி ஓடிடும், அவர் தொண்டை அதைப் பிடிக்கிறதுக்குள்ள நுரையீரலுக்குப் போயிடும். எதைக் கொடுத்தாலும் ஜெல்லி மாதிரி உறைய வச்சுக் கொடுங்க. ஜெலட்டின் வேண்டாம், அது வாய்ச்சூட்டுக்கே கரைஞ்சு தண்ணி ஆயிடும். கடல்பாசி கரையாது."

"எந்தக் கடற்பாசி?"

"கடைல சைனா கிராஸ்னு கேளுங்க ஆன்ட்டி, தருவாங்க."

ரத்தினபாய் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். லாசரஸ் தம் வேலைக்காலம் முழுவதும் கடற்பாசிகளைப் பற்றியே பாடம் நடத்தியவர். அவரது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்றிலிருந்து சமையலறையின் வேலை மாறியது. கடற்பாசி இழைகளை ஊறவைத்து, பிழிந்து, கொதிக்கும் நீரில் இழை தெரியாமல் கரையும்வரை கிளறி, அதில் அன்றைய உணவைக் கலக்க வேண்டும். பருப்புத் தண்ணீர், கேழ்வரகுப் பால், இளநீர், வடிகட்டிய ரசம், சில நாள் வஞ்சிர மீன் சாறு. எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் உறைந்துவிடும். பாசி கூடினால் ரப்பராகிவிடும், குறைந்தால் ஒழுகிவிடும். கரண்டியால் தொட்டால் நடுங்கவேண்டும், சரித்தால் நழுவக் கூடாது. ரத்தினபாய் இதை முதல் வாரத்திலேயே பிடித்துவிட்டார்.

"கடல்ல நீஞ்சற மீனைப் புட்ச்சாந்து, கடல்பாசியிலயே கட்டிப் போட்டுட்டீங்களேம்மா!" என்று சிரிப்பாள் கோகிலவாணி. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள முடிச்சூரிலிருந்து வருகிறவள். பெரிய உடம்புக்காரி. லாசரஸைப் புரட்டித் துடைத்து நாற்காலிக்கு மாற்றுவதை, அரிசி மூட்டையை இறக்குகிறவரின் நிதானத்தோடு செய்வாள்.

உணவு தயார். அவர் வாயைத்தான் திறக்கவில்லை.

உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். கோகிலவாணி கெஞ்சினாள், கொஞ்சினாள், மிரட்டினாள். "இன்னா சாரே, எங்கூட்டுப் புள்ளைங்கோ தேவலாம். ஆ காட்டு சாரே. காட்டாங்காட்டி மறுக்கா மூக்குல பைப்பு வுட்ருவாங்கோ, சொல்ட்டேன்."

அவர் திறக்கவில்லை. உடல் மெலிந்தது. சுபத்ரா எடையைக் குறித்துக்கொண்டு போனாள்.

இங்கே அந்த வீட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். லாசரஸ் மாணவர்களை மண்டபம் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது, நீர் வற்றிய பாறைகளில் எதைப் பிடுங்கினாலும் பெயர் சொல்லாமல் வாயில் வைக்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி. அந்த விதி அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டு ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்ததும், "இது என்ன?" என்பார். கூட்டு என்றால், "எதுவும் எதுவும் கூடின கூட்டு?" என்பார். திருமணமான புதிதில் பொறுமையிழந்த ரத்தினபாய், ரயில் வருவதை அறிவிக்கும் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, இடப்பக்கக் கிண்ணத்தில் புடலங்காய்ப் பொரியல்" என்று சொல்லத் தொடங்கினார். கேலிக்குச் சொன்னதுதான். அதுவே நிலைத்துவிட்டது.

வழக்கத்துக்கு இரண்டாம் பாதியும் உண்டு. சொன்னது சரியாக இருந்தால் அவர் எதுவும் சொல்லமாட்டார். சோற்றைப் பிசையத் தொடங்குவார். தவறாக இருந்தால் மட்டுமே வாயைத் திறந்து, "இல்லை" என்று தொடங்குவார். அவர்களுடைய ஒரே மகன் ஜெர்சன் அந்த மேசையில்தான் வளர்ந்தான். அப்பா ஒருமுறையாவது "சரி" என்று சொல்லிக் கேட்டதில்லை என்று அவன் மனைவியிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. ரத்தினபாய்க்கு அது குறையாகப் பட்டதில்லை. நேரத்துக்கு வந்த ரயிலைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை.

செப்டம்பர் மாதக் கடைசியில் ஒருநாள், கேழ்வரகுக் கரண்டி அவர் உதட்டருகே வெகுநேரம் காத்திருந்தது. ரத்தினபாய்க்குக் கை வலித்தது. என்ன சொல்கிறோம் என்ற நினைப்பில்லாமலே சொன்னார்:

"கஞ்சிப்பாசி. ராமநாதபுரம் கரையில இதைப் போட்டுக் கஞ்சி காய்ச்சுவாங்க. அதனால அந்தப் பேர்."

உதடுகள் திறந்தன.

கரண்டி உள்ளே போனது. தொண்டை மேலேறி இறங்கியது. கோகிலவாணி, பிடித்திருந்த துண்டை நழுவவிட்டாள்.

"அம்மா! இன்னாம்மா மந்திரம் போட்டீங்கோ? இன்னொருவாட்டி போடுங்கோ!"

இரண்டாவது கரண்டிக்கு அதே பெயரைச் சொன்னார். உதடுகள் மூடியே இருந்தன. சற்று யோசித்து, "மரிக்கொழுந்துப் பாசி. மரிக்கொழுந்து மாதிரி சின்னச் சின்னதா கிளைச்சிருக்கும்," என்றார். திறந்தார். "பக்கோடாப் பாசி. பார்க்கறதுக்கு முறுமுறுன்னு பக்கோடா மாதிரி இருக்கும்." திறந்தார்.

"இது நல்லா கீதே! பக்கோடாவும் கடல்லயே கீதா? எண்ணெ செலவு மிச்சம்," என்றாள் கோகிலவாணி. "ஏம்மா, தண்ணிக்குள்ள கீற பாசிக்கெல்லாம் குந்திக்கினு பேரு வச்சிக்கீறாங்கோ. எங்க தெருவுக்கு இன்னும் பேரே வெக்கல, நம்பருதான் கீது."

இப்படியாக ஒரு பெயருக்கு ஒரு கரண்டி என்றாயிற்று. பெயரை மட்டும் சொன்னால் போதாது; அது ஏன் அந்தப் பெயர் என்பதையும் சொல்லவேண்டும். ரத்தினபாய் தாவரவியல் படித்தவர் அல்லர். ஆனால் பல ஆண்டுகள் ஒரே மேசையில் கேட்டவை காதுக்குள் கிடந்தன. பாசி என்ற சொல் பசுமையிலிருந்து வந்தது, கடலில் சிவப்பாகக் கிடந்தாலும் நமக்கு அது பாசிதான்: இதற்கு ஒரு கரண்டி. அகர் அகர் மலாய்க்காரர்கள் கொடுத்த சொல்: இதற்கு ஒன்று. உறைந்த அதே பாசிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் கான்டென், குளிர்வானம் என்று பொருள், பனிக்காலத்தில் வெளியே வைத்து உலர்த்தியதால் வந்தது: இதற்கு ஒன்று. பச்சை நிறத்தில் மெல்லிய இலைபோல் விரியும் உல்வா, லத்தீனில் சதுப்புநிலக் கோரையின் பெயர்: இதற்கு ஒன்று.

தெரிந்தவை ஒரு வேளைக்குப் போதவில்லை. ஒருநாள் சொன்னது மறுநாள் செல்லும். ஒரே வேளையில் இருமுறை செல்லாது. ரத்தினபாய் மகனை அழைத்துக் கேட்டார். ஜெர்சன் பெருங்களத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தான். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் பக்கத்து அலுவலகத்துக்குக் காரில் போய்வருகிறவன். போக்குவரத்தில் நிற்கும் நேரத்தில் கைப்பேசியில் தேடிச் சொல்வான்.

"டல்ஸ். அயர்லாந்துக்காரங்க பேரு. தண்ணி இலைன்னு அர்த்தமாம். நோட் பண்ணிக்கிட்டீங்களா?"

"காதிலே ஏத்திக்கிட்டேன். அடுத்தது?"

"கெல்ப். ரொம்ப காலம் அது செடியோட பேரே இல்லையாம்மா. எரிச்ச சாம்பலுக்குத்தான் அந்தப் பேராம். அப்புறம் கொரியால கிம். அதை முதல்ல பயிர் பண்ணவரோட குடும்பப் பேருன்னு போட்டிருக்கு."

"அது கட்டுக்கதைன்னு உங்க அப்பா சொல்வார்."

"கட்டுக்கதைன்னே சொல்லி ஊட்டுங்க. அம்மா, ஒண்ணு கேக்கறேன். இது எத்தனை நாளைக்கு? உலகத்துல எத்தனை பாசி இருக்கும்?"

"நீ தேடு."

"வயித்துல நேரா ஒரு குழாய் போட்டுடலாம்னு அன்னிக்கே டாக்டர் சொன்னார். நீங்கதான் கேக்கல."

"வாய் இருக்கிற மனுஷனுக்கு வயித்துல எதுக்கு ஓட்டை?" என்று கேட்டுவிட்டு ரத்தினபாய் தொலைபேசியை வைத்தார். குழாய் போட்டுவிட்டால், நாள்தோறும் இருவருக்கும் இடையில் மிஞ்சியிருக்கும் அந்த வேலையும் போய்விடும். அப்புறம் அவர் கட்டிலில் கிடப்பார். இவர் நாற்காலியில் இருப்பார். இதை அவர் மகனிடம் சொல்லவில்லை.

தீபாவளிப் பட்டாசுகள் ஓய்ந்த மறுநாள், ரத்தினபாய்க்கு வாய் தவறியது. கான்டென் என்பது சீனச் சொல் என்று சொல்லிவிட்டார். கரண்டி இன்னும் கையில்தான் இருந்தது.

"ல்ல," என்றார் லாசரஸ்.

உலர்ந்து, உடைந்து, அடித்தொண்டையிலிருந்து வந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு அவர் எழுப்பிய முதல் சொல் அது. கோகிலவாணி சிலுவைக் குறி போட்டாள்; அவள் கிறிஸ்தவளும் அல்ல, அந்த வீட்டார் போகும் சபையில் அந்த வழக்கமும் இல்லை. ரத்தினபாய் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். வரவில்லை. பிறகு, "கடற்பாசிக்கு வேர் உண்டு," என்றார், சோதித்துப் பார்ப்பதற்காக.

"ல்ல."

சுபத்ராவிடம் சொன்னபோது அவள் மகிழ்ந்தாள். உடனே விரலையும் உயர்த்தினாள். "சூப்பர் ஆன்ட்டி. ஆனா ஒண்ணு. பேசறப்ப ஊட்டாதீங்க, ஊட்டறப்ப பேச வைக்காதீங்க. ரெண்டுக்கும் ஒரே வாசல். பேச்சுக்குத் திறக்கற கதவு சாப்பாட்டுக்கு மூடணும்."

ரத்தினபாய் அந்த விதியை அப்படியே கடைப்பிடித்தார். வாய் காலியாக இருக்கும்போது, வேளைக்கு ஒரு தவறு. அதன்பின் சரியான பெயர்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி; தொண்டை இறங்கும்வரை அமைதி. "சாருக்குச் சண்டை டானிக் குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கோகிலவாணி தட்டை எடுத்துவருவாள். இப்படி இருந்தும், ஜெர்சன் வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் லாசரஸ் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. தவற்றைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க ஆசைப்படறீங்கம்மா, அதான் உங்களுக்குக் கேக்குது," என்றான் ஜெர்சன். மெதுவாகத்தான் சொன்னான்.

நவம்பர் 12 காலையில் முடிச்சூரில் தண்ணீர் ஏறியிருந்தது. "பஸ் வர்ல்லம்மா, முழங்கா மட்டும் நிக்குது. ஆட்டோ கெட்ச்சா வந்துர்றேன்," என்று கோகிலவாணி அழைத்துச் சொன்னாள். ரத்தினபாய் தனியாகவே அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார். அன்றைய தவற்றை முதலில் சொன்னார்; "ல்ல" என்றார் லாசரஸ். குரல் முந்தைய நாட்களைவிடத் தெளிவாக இருந்தது. உடனே ரத்தினபாய் மகனுக்கு வீடியோ அழைப்பு விடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சரி என்று, நோரி என்ற ஜப்பானியப் பெயரைச் சொல்லி ஒரு கரண்டி ஊட்டினார். கரண்டி உள்ளே போன அதே நேரத்தில் திரையில் ஜெர்சனின் முகம் வந்தது. காருக்குள் இருந்தான். பின்னால் வண்டலூர் மேம்பாலம், மழை, ஆரன் ஒலி.

"சொல்லுங்கம்மா, சீக்கிரம், சிக்னல் போடப்போறான்."

"இரு, வைக்காதே. இப்ப கேளு."

"அம்மா, லைன் கட் ஆகுது..."

லைன் கட்டாவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றே ரத்தினபாயின் எண்ணமாக இருந்தது. மற்ற எந்தத் தவற்றையும் விட நிச்சயமாக வேலைசெய்யும் தவறு ஒன்று அவருக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் லாசரஸ் அடித்து நொறுக்கிய தவறு அது.

"சைனா கிராஸ்," என்றார் உரக்க. "சீனாவிலே விளையற புல்."

"இல்ல!" என்றார் லாசரஸ். முழுச் சொல்லாக, வகுப்பறைக் குரலில்.

ஜெர்சன் கேட்டான். அதற்கு அடுத்து வந்த சத்தத்தையும் கேட்டான்.

குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நுரையீரலில் சளிக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்தார். மூக்கில் மறுபடியும் குழாய் விடப்பட்டது. ரத்தினபாய் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடி ஜன்னல், ஜி.எஸ்.டி. ரோட்டில் பேருந்துகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. கோகிலவாணி எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தாள். அதில் உப்பு இல்லை என்பது பாதி சாப்பிட்ட பிறகுதான் ரத்தினபாய்க்குத் தெரிந்தது. தெரிந்தும் மீதியைச் சாப்பிட்டார்.

"எம்மேல தப்பும்மா," என்றாள் கோகிலவாணி. "நான் டயத்துக்கு வந்துருந்தா போனை நான் புட்ச்சினு இருந்துருப்பேன். நீங்கோ பேஜாரா கீற டைம்ல..."

"உன்மேலே தப்பில்லை. தண்ணி வந்தா நீ என்ன பண்ணுவே? வாயிலே கரண்டி இருக்கும்போது நான் பேசவெச்சேன். அதுதான் நடந்தது."

இதையே அவர் டாக்டரிடமும் சுபத்ராவிடமும் மகனிடமும் அதே சொற்களில் சொன்னார். ஜெர்சனுக்கு அதுவே தாங்கவில்லை.

"நான் நம்பாததாலதானே காட்டணும்னு நெனச்சீங்க? நேரா என்னைத் திட்டுங்களேன்."

"திட்டினா என்ன ஆகும்?"

அவன் காப்பி வாங்கப் போனான். வாங்கி வந்ததை இருவரும் குடிக்கவில்லை.

நவம்பர் 18, திங்கட்கிழமை, காய்ச்சல் தணிந்து லாசரஸைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். டாக்டர் மோகன்ராஜ் வந்தார். இளையவர், தாழ்ந்த குரலில் நேரடியாகப் பேசுகிறவர்.

"மேடம், மூக்குக் குழாயை ரொம்ப நாள் வச்சிருக்க முடியாது. வயித்துல குழாய் போட்டா சாப்பாடு நேரா இறங்கிடும். வாய்வழியாவே குடுக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணா நான் தடுக்கல. ஆனா இது திரும்ப வரும். அடுத்த தடவை தாங்குவாரான்னு நான் சொல்ல முடியாது."

"போட்டுடுங்க டாக்டர்," என்றான் ஜெர்சன்.

"குழாய் போட்டா வாயாலே எதுவுமே கொடுக்கக் கூடாதா?" என்று ரத்தினபாய் கேட்டார்.

"இப்போதைக்குக் கூடாது மேடம். ஈரப் பஞ்சால வாயைத் துடைக்கலாம்."

"அப்போ அந்த வாய் எதுக்கு?"

டாக்டர் சுபத்ராவைப் பார்த்தார். அவள் சுவரோரம் நின்றிருந்தாள்.

"பேசறதுக்கு ஆன்ட்டி," என்றாள் சுபத்ரா. "அங்கிள் ஒரு முழு வார்த்தை பேசினார். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மேல போகணும். இத்தனை நாளா அந்த வாய் ரெண்டு வேலை பார்த்துச்சு. சாப்பாட்டு வேலையை எடுத்துட்டா, பயமில்லாம நாள் பூரா பேச வைக்கலாம். எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது. அந்த ஒரே வார்த்தையோட நின்னாலும் நிக்கலாம்."

ரத்தினபாய் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவரைக் கேட்கணும்," என்றார்.

"அம்மா, அவரை எப்படிக் கேக்கறது? தலையாட்டக்கூட வரல."

"அவருக்குத் தெரிஞ்ச முறையிலே கேட்கிறேன்."

நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். லாசரஸின் கண் திறந்திருந்தது. வாய் காலியாக இருப்பதைச் சுபத்ரா விளக்கடித்துப் பார்த்துச் சொன்னாள்.

"இது நவம்பர் மாசம்," என்றார் ரத்தினபாய்.

லாசரஸ் பேசாமல் பார்த்தார்.

"நான் ரயில்வே ஆபீஸ்ல வேலை பார்த்தேன்."

பேசவில்லை.

"ஜெர்சன் நம்ம மூத்த பையன். அவனுக்கு அடுத்து ரெண்டு பேர்."

"ல்ல."

டாக்டர் தம்மையறியாமல் சிரித்துவிட்டார். ஜெர்சன் சிரிக்கவில்லை. கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"கடற்பாசி புல் வகை."

"ல்ல." இதில் சற்றுக் கோபமும் இருந்தது.

ரத்தினபாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "நீங்க கவனமாக் கேட்கணும். இனிமே வாயாலே சாப்பிட்டா உங்களுக்கு ஆபத்து. வயித்துல குழாய் போடலாம்னு டாக்டர் சொல்றார். போட்டா வாயாலே ஒண்ணும் கிடையாது. ரசமும் கிடையாது, மீன் சாறும் கிடையாது." நிறுத்தினார். "நான் வேண்டாம்னு சொல்லிடறேன். வாயாலேயே ஊட்டறேன்."

ஜன்னலுக்கு வெளியே மழை மறுபடி வலுத்தது. லாசரஸின் உதடு அசைந்தது, நின்றது, மீண்டும் அசைந்தது.

"ல்ல."

"அம்மா," என்றான் ஜெர்சன்.

"இரு. மாத்திக் கேட்கணும்." அவர் கணவர் பக்கம் குனிந்தார். "குழாய் போடச் சொல்றேன். வாயாலே சாப்பாடு கிடையாது."

காத்திருந்தார்கள். லாசரஸ் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடுகள் மூடியிருந்தன. செவிலிப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரத்தினபாய் அதே வாக்கியத்தை இன்னொரு முறை, அதே அளவில், அதே குரலில் சொன்னார். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"வாயை மூடிக்கிட்டா வேண்டாம்னு அர்த்தம் இல்லையா மேடம்?" என்று டாக்டர் தயங்கிக் கேட்டார். "சாப்பிட மாட்டேன்னு மூடிக்குவார்னு சொன்னீங்களே."

ரத்தினபாய் பதில் சொல்வதற்கு முன் ஜெர்சன் சொன்னான். "அது சாப்பாட்டுக்கு டாக்டர். சொன்னதைக் கேட்டுட்டுப் பேசாம இருந்தா சரின்னு அர்த்தம். எங்க வீட்ல வேற மாதிரி 'சரி' கெடையாது." சொல்லிவிட்டு ஜன்னலருகே போய் நின்றுகொண்டான்.

"இதை நோயாளி சம்மதம்னு நான் எழுத முடியாது. நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"போடறேன்," என்றார் ரத்தினபாய். எந்த உணர்ச்சியும் வரவில்லை. கைதான் சற்றுக் குளிர்ந்திருந்தது. லாசரஸின் இடக்கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தார். அதுவும் குளிர்ந்துதான் இருந்தது.

இறுதியாக முடிவு செய்யப்பட்டது பின்வருமாறு. வயிற்றுக் குழாய் நவம்பர் 21, வியாழக்கிழமை காலை போடப்பட்டது. பெருங்களத்தூருக்குக் குடிபோகலாம் என்று ஜெர்சன் கேட்டதற்கு ரத்தினபாய் உடன்படவில்லை. அவன் வாரத்தில் இரண்டு நாள் தாம்பரத்தில் தங்குவதாக ஏற்பாடு. குழாயில் ஊற்றும் கஞ்சியைக் காய்ச்சி வடிகட்டுவது ரத்தினபாய். ஊற்றுவதும் குழாயைக் கழுவுவதும் கோகிலவாணி. ஊற்றுவதற்கு வெகுநேரம் முன்பாக, காலையிலும் மாலையிலும், பேச்சுப் பயிற்சி. சுபத்ரா வராத நாட்களில் ரத்தினபாயே செய்வது. அதில் எதைப் பேசுவது என்பது அவருடைய விருப்பத்துக்கு விடப்பட்டது. கணவர் கட்டிலில் இருக்கும் அறையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடவேண்டாம், மணத்துக்கு எச்சில் ஊறி அதுவே மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே ரத்தினபாய் அன்றிலிருந்து சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகச் சாப்பிடுவது என்று முடிவாயிற்று.